விடியக்காலை நாலே முக்கால், மொட்டை மாடி, வெறும் கண்ணு போதும்

கேட்ட கேள்வி இதுதான்: "திருச்சில வாடகை வீட்ல இருக்கேன், கொஞ்ச நாளா காலைல நாலரைக்கே முழிப்பு வந்துருது, அப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது. மொட்டை மாடிக்கு போய் நின்னா நிறைய நட்சத்திரம் தெரியுது, ஆனா எது என்னன்னு புரியல. டெலஸ்கோப் வாங்கலாமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

நானும் திருச்சிதான், ஏர்போர்ட் பக்கம், பதினஞ்சு வருஷத்துக்கு மேல இதே கிறுக்கு எனக்கு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

டெலஸ்கோப் இப்ப வாங்காதீங்க. நான் ஆரம்பத்துல ஆன்லைன்ல நாலாயிரம் ரூபா குடுத்து ஒண்ணு வாங்கினேன், டப்பா மேல 525 மடங்கு பெருசா காட்டும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், முன்னாடி லென்ஸ் 50 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டு மடங்கு, அதுதான் கணக்கு, அப்ப அந்த குழாய் தாங்கறது நூறு மடங்குதான், அதுக்கு மேல போனா படம் பெருசாகும் ஆனா மசமசன்னு ஆயிரும். ஸ்டாண்டு வேற, மூச்சு விட்டா ஆடும். இப்ப அது என் பொண்ணோட பொம்மை கோட்டைல பீரங்கியா நிக்குது. காசு செலவு பண்ணியே ஆகணும்னா ஒரு வருஷம் கழிச்சு 7×50 இல்ல 10×50 பைனாகுலர் ஒண்ணு வாங்குங்க (முதல் எண் எத்தனை மடங்கு, ரெண்டாவது முன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்), வியாழனோட நாலு நிலா அதுலயே தெரியும், கலிலியோ 1610ல பார்த்த அதே நாலு. கைய எதாவது சுவத்துல முட்டு குடுத்து பாருங்க, இல்லன்னா நிலா எல்லாம் டான்ஸ் ஆடும்.

உங்களுக்கு நாலரைக்கு முழிப்பு வர்றதை ஒரு கொடுப்பினைன்னு வச்சுக்கங்க. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மாடிக்கு போனா என்ன இருக்கு, பகல்ல கிளம்புன தூசி அப்படியே தொங்கிட்டிருக்கும், கடை போர்டு, எதிர்வீட்டு டிவி, பைக் ஹெட்லைட்டு, தரை வேற சூடா இருக்கும், அந்த சூட்ல காத்து மேல ஏறி ஏறி நட்சத்திரம் எல்லாம் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். விடியக்காலைல தூசி அடங்கி, தரை குளுந்து, ஊர்ல பாதி லைட்டு அணைஞ்சிருக்கும். தெருவிளக்கு மட்டும் இருக்கும், அந்த வெள்ளை எல்இடி வந்ததுலேர்ந்து அது ஒரு ரோதனை, ஆனா தண்ணி டேங்க் நிழலோ மாடிப்படி ஹெட்ரூம் நிழலோ எங்கயாவது இருக்கும் பாருங்க, அங்க போய் உட்காந்துருங்க. போன் எடுக்காதீங்க. கண்ணு இருட்டுக்கு பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரே ஒரு வாட்ஸப் பார்த்தீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். டார்ச் வேணும்னா செவப்பு கிளாஸ் பேப்பர் ரெண்டு மடிப்பு சுத்தி ரப்பர் பேண்ட் போடுங்க, செவப்பு வெளிச்சம் அந்த அளவு கெடுக்காது. ஸ்டெல்லேரியம்னு ஒரு ஆப் இருக்கு, நல்ல ஆப், ஆனா அதை முந்தின நாள் ராத்திரி பார்த்து மனசுல ஏத்திக்கிட்டு போங்க, மாடில போனை வானத்துக்கு நேரா தூக்கி பிடிச்சு பேர் படிச்சீங்கன்னா பார்த்தது போனைத்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒரு நட்சத்திரம் நேத்து எந்த இடத்துல இருந்துச்சோ அதே இடத்துக்கு இன்னைக்கு நாலு நிமிஷம் முன்னாடியே வந்துரும், பூமி சூரியனை சுத்தறதால வர்ற வித்தியாசம் அது. நாலு நிமிஷம்னா ஒண்ணுமில்லாத மாதிரி தோணும், ஆனா மாசத்துக்கு ரெண்டு மணி நேரம், நாலு மாசத்துல எட்டு மணி நேரம். அதனால என்ன ஆகுதுன்னா ஆகஸ்ட் கடைசில காலை நாலே முக்காலுக்கு நீங்க பார்க்கற வானம் இருக்கே, அது ஜனவரி ஆரம்பத்துல ஊர்ல எல்லாரும் ராத்திரி எட்டு மணிக்கு பார்க்கப் போற வானம். ஆவணில உட்காந்துக்கிட்டு மார்கழி ராத்திரியை பார்த்துட்டு வந்துடலாம். எனக்கு இந்த காலை நேரத்து பித்து பிடிச்சதே இதனாலதான், அடுத்த சீசன் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு மாடிக்கு வந்துருது, தெருவே தூங்குது, நமக்கு மட்டும் தெரியுது.

இதை புரிஞ்சுக்க ஆப் எதுவும் வேணாம், ஒரே இடத்துல உட்காருங்க, அவ்ளோதான். எங்க வீட்டுக்கு தென்கிழக்குல, தெற்கே நல்லா தள்ளி, பக்கத்து வீட்டு கருப்பு சின்டெக்ஸ் டேங்க் ஒண்ணு இருக்கு, அதுக்கு இடப்பக்கம் ஒரு தென்னை. ஆகஸ்ட் கடைசி வாரம் நாலே முக்காலுக்கு என் ஈஸி சேர்லேர்ந்து பார்த்தா அந்த டேங்க் மூடி மேல உட்காந்த மாதிரி ஒரு நட்சத்திரம் நிக்கும், அகத்தியர், இங்கிலீஷ்காரன் கனோபஸ்ங்கறான். வானத்துல பிரகாசத்துல சிரியஸுக்கு அடுத்தது இதுதான், 300 ஒளி ஆண்டுக்கு மேல தூரம் (வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளி ஆண்டு). லண்டன்ல இருக்கறவனுக்கு இது வாழ்நாள் பூரா தெரியாது, அவன் ஊருக்கு அது அடிவானத்துக்கு மேல வர்றதே இல்ல, நமக்கு சின்டெக்ஸ் டேங்க் மேல வந்து உட்காருது. பத்து நாள் முன்னாடி அதே நேரம் பார்த்தா டேங்குக்கு பின்னாடி இருக்கும், பத்து நாள் கழிச்சு பார்த்தா மூடிக்கு மேல ஒரு ரெண்டு மூணு விரற்கடை ஏறியிருக்கும். புத்தகத்துல படிச்ச நாலு நிமிஷத்தை நான் நம்புனது அந்த டேங்கை வச்சுத்தான். அவங்க வீட்ல டேங்கை மாத்தப் போறதா பேச்சு அடிபட்டப்ப எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, ஏன்னு அவங்ககிட்ட எப்படி சொல்றது.

அதே நேரம் கிழக்கே பாருங்க, மூணு நட்சத்திரம் ஒரே கோட்ல வரிசையா நிக்கும், அது ஓரியன்ங்கற வேட்டைக்காரன் உருவத்தோட இடுப்பு பெல்ட்டு, இதை கண்டுபிடிச்சுட்டா மீதி எல்லாம் வழி கேட்டு போற மாதிரிதான். பெல்ட்டு கோட்டை கீழ்ப்பக்கம் நீட்டினா சிரியஸ், பளீர்னு இருக்கும். மேல் பக்கம் நீட்டினா ஆரஞ்சு கலர்ல ரோகிணி, இன்னும் மேல கிட்டத்தட்ட தலைக்கு நேரா சின்ன கொத்தா கார்த்திகை. கார்த்திகைல ஆறு தெரியுதா ஏழு தெரியுதான்னு எண்ணிப் பாருங்க, நேரா முறைச்சு பார்த்தா மங்கிரும், கொஞ்சம் ஓரமா பார்த்தா கூடுதலா ரெண்டு முளைக்கும், கண்ணோட அமைப்பு அப்படி. பெல்ட்டுக்கு வடக்குப் பக்கம் செவப்பா இருக்கறது திருவாதிரை. ஜாதகத்துல மட்டும் கேட்ட பேரெல்லாம் நிஜமாவே மேல தொங்குதுன்னு முதல் தடவை தெரியறப்ப ஒரு மாதிரி இருக்கும். எங்கம்மா திருவாதிரை. 2019 கடைசிலேர்ந்து 2020 பிப்ரவரி வரைக்கும் அந்த நட்சத்திரம் நல்லாவே மங்கிப் போச்சு, வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுது, நான் ஆர்வக்கோளாறுல போய் அம்மாகிட்ட சொல்லிட்டேன், "என் நட்சத்திரம் அணையுதாடா"ன்னு ஒரே கவலை, கோயில்ல ஒரு அர்ச்சனை வேற. அது தானே தூசியை கக்கி தன் மூஞ்சியை மறைச்சுக்கிச்சுன்னு அப்புறம் ஆராய்ச்சில சொன்னாங்க, ஏப்ரல் வாக்குல பழைய நிலைக்கு வந்துருச்சு. அர்ச்சனைதான் வேலை செஞ்சுதுன்னு அம்மா இன்னமும் சொல்றாங்க, நானும் விட்டுட்டேன்.

வயசுக்கு ஏத்த நட்சத்திரம்னு வீட்ல ஒரு விளையாட்டு வச்சிருக்கோம். சிரியஸ் 8.6 ஒளி ஆண்டு, என் பொண்ணுக்கு எட்டரை வயசு ஆனப்ப அவளை மாடிக்கு தூக்கிட்டு போய், நீ பொறந்த சமயத்துல அங்கேர்ந்து கிளம்புன வெளிச்சம் இப்பதான் வந்து சேருதுன்னு காட்டினேன், அரைத் தூக்கத்துல "லேட்டா வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு தோள்லயே தூங்கிட்டா. சுவாதி 37, ரோகிணி 65 பக்கம். உங்க வயசுக்கு ஏதாவது மாட்டும், தேடிப் பாருங்க.

ஜனவரி கடைசியை விட்றாதீங்க. நம்ம ஊர்ல வடகிழக்கு மழை ஓய்ஞ்சு, வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கற நேரம் அதுதான், என்ன, சில நாள் பனி மூட்டம் கெடுக்கும். தை மாசம் அதே நாலே முக்காலுக்கு தெற்கே பார்த்து நில்லுங்க. கைய நல்லா நீட்டி முஷ்டி பிடிச்சா அது வானத்துல பத்து டிகிரி, சுண்டுவிரல் ஒரு டிகிரி, இந்த அளவுகோல் எப்பவும் கூடவே இருக்கும். தெற்கு அடிவானத்துலேர்ந்து ரெண்டு முஷ்டி உயரத்துல சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் நேரா நிமிர்ந்து நிக்கும், அது தென்சிலுவை, திரிசங்குன்னும் சொல்வாங்க. அதுக்கு இடப்பக்கம் கீழ ரெண்டு பிரகாசமான நட்சத்திரம், ரெண்டுல கீழ இருக்கறது ஆல்ஃபா சென்டாரி, சூரியனை விட்டா நமக்கு ரொம்ப பக்கத்து வீடு, 4.4 ஒளி ஆண்டுதான். இப்ப அப்படியே திரும்பி வடக்கே பாருங்க, சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்துல இருக்கும், அதோட வால்ல நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாப்ல மங்கலா அருந்ததி. கல்யாணத்துல பட்டப்பகல்ல மண்டபத்து வாசல்ல நிக்க வச்சு ஐயர் கைய காட்ட, தெரியுதுன்னு தலையாட்டுனோம்ல, அதை நெசமா பார்க்கணும்னா இதுதான் நேரம், போன வருஷம் வீட்டம்மாவை கூட்டிட்டு போய் காட்டி பழைய பொய்யை நேர் பண்ணிட்டேன். அருந்ததியையும் தென்சிலுவையையும் ஒரே மாடில நின்னு முன்னாடி பின்னாடி திரும்பி பார்க்கறது எல்லா ஊருக்கும் கிடைக்காது, வடக்கே ரொம்ப போனா இது இல்ல, தெற்கே ரொம்ப போனா அது இல்ல, நாம நடுவுல வசதியா உட்காந்திருக்கோம்.

துருவ நட்சத்திரம் பத்தி ஒரு வார்த்தை, அது பெரிய பிரகாசம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, சுமார்தான். அந்தந்த ஊரோட அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்துலதான் அது நிக்கும், திருச்சில சுமார் 11 டிகிரி, ஒரு முஷ்டி. அந்த உயரத்துல எங்க வீட்ல எதிர் அபார்ட்மெண்ட் இருக்கு. மூணாவது மாடி பால்கனிக்கு பின்னாடி துருவன் இருக்கார்னு நம்பிக்கைல காலத்தை ஓட்டறேன்.

இன்னொரு சின்ன கதை, நட்சத்திரத்தோட பிரகாசத்தை எண்ணுல சொல்றாங்களே, அஞ்சு படி வித்தியாசம்னா நூறு மடங்குன்னு, அந்த கணக்கை 1856ல ஒழுங்குபடுத்துன போக்சன் 1861ல நம்ம மெட்ராஸ் வானியல் கூடத்துக்கு வந்து 1891ல சாகற வரைக்கும் அங்கதான் வேலை பார்த்தார். அது இருந்த இடம் நுங்கம்பாக்கம். அங்க வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல பிரகாசம் கூடிக் குறையற ஒரு நட்சத்திரத்தை கண்டுபிடிச்சார், ஆர் ரெட்டிகுலைன்னு பேர். இன்னைக்கு நுங்கம்பாக்கத்துல நின்னு மேல பார்த்தா விளம்பர போர்டுதான் கூடிக் குறையும். பெரிய கருவி எல்லாம் இப்ப ஜவ்வாது மலைல காவலூர்ல இருக்கு, 2.34 மீட்டர் டெலஸ்கோப், 1986ல திறந்தது.

எரிகல்லும் விடியக்காலை சமாச்சாரம்தான். நடுராத்திரிக்கு மேல பூமி எந்தப் பக்கமா ஓடுதோ அந்தப் பக்கம் நாம வந்துடறோம். மழைல பைக் ஓட்டுனா நெஞ்சு நனையற அளவு முதுகு நனையாதுல்ல, அதே கதை. டிசம்பர் 13, 14 ராத்திரி வர்ற ஜெமினிட்ஸ் நம்ம ஊருக்கு ரொம்ப நல்லது, மிதுன ராசி பக்கமிருந்து வரும், ரெண்டு மணி வாக்குல அது தலைக்கு மேல இருக்கும், ஃபேத்தான்னு ஒரு சிறுகோள் விட்டுட்டுப் போன துகள் அது. மேகம் வழிவிட்டா. ஒரு வருஷம் ஒரு மணி நேரத்துல 31 எண்ணினேன், அடுத்த வருஷம் முழுக்க மேகம், கொசு கடிச்ச இடத்தை எண்ணினேன். அதனால பாய், போர்வை, ஓடோமாஸ் மூணும் கட்டாயம், பாயை நாலு மணிக்கு விரிச்சு அஞ்சு மணிக்கு எடுத்தா பனில சொதசொதன்னு இருக்கும், அதுக்குத்தான் ஈஸி சேர். அப்புறம் பக்கத்து வீட்ல முன்கூட்டியே சொல்லி வச்சுருங்க. நான் சொல்லாம விட்டு ஒரு நாள் எதிர்வீட்டு மாமா டார்ச் அடிச்சு "யார்ரா அது"ன்னு கத்தி தெருவே எழுந்துருச்சு, இப்ப அவரே சில நாள் லுங்கியோட மேல வந்து "இன்னைக்கு என்ன ஸ்பெஷல்"ங்கறார்.

நான் பார்த்ததுலயே பெரிய இருட்டு 2018 டிசம்பர் முதல் வாரம், பட்டுக்கோட்டை பக்கம் சித்தப்பா ஊர்ல. நவம்பர் 16 கஜா புயல் போட்டுத் தாக்கி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஊருக்கு இன்னும் கரண்ட் வரல, நாங்க அரிசி பருப்பு எடுத்துட்டு போயிருந்தோம். தோப்புல தென்னை எல்லாம் சாஞ்சு கிடக்குது, எடுக்க ஆள் இல்ல. விடிய நாலு மணி இருக்கும், அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்ன, நிலா இன்னும் எழல, நான் சத்தம் போடாம திண்ணைக்கு வந்தேன், கிழக்கே வெள்ளி அப்படி ஒரு பிரகாசத்துல நின்னுச்சு, அந்த வாரம் அது உச்ச பிரகாசத்துல இருந்த வாரம், பக்கத்துல சித்திரை நட்சத்திரம். திண்ணைச் சுவர் வெள்ளை அடிச்ச சுவர். கைய நீட்டினேன், என் விரலோட நிழல் சுவத்துல மெல்லிசா விழுந்துச்சு. வெள்ளியோட வெளிச்சத்துல நிழல் விழும்னு படிச்சிருக்கேன், பார்த்தது அன்னைக்குத்தான். சித்தப்பாவும் தூங்கல போல, எழுந்து வந்து பக்கத்துல உட்காந்தார். நான் சுவத்தை காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மரம் இருந்தப்ப இந்தப் பக்கம் வானமே தெரியாதுடா தம்பி, மட்டைதான் தெரியும்"னார். அதுக்கு என்ன பதில் சொல்றது. ரெண்டு பேரும் நிலா எழற வரைக்கும் உட்காந்திருந்தோம்.

கிரகம் எது நட்சத்திரம் எதுன்னு குழப்பம் வரும், பொதுவா கிரகம் கண்ணடிக்காது, நின்னு எரியும். எங்க ஏரியால இன்னொரு குழப்பமும் உண்டு, லேண்டிங்குக்கு வர்ற ஃப்ளைட்டோட ஹெட்லைட்டு தூரத்துல அசல் விடிவெள்ளி மாதிரியே அசையாம நிக்கும், ரெண்டு நிமிஷம் ரசிச்சுட்டு அப்புறம் சக்கரத்தை இறக்கும். வேகமா, சத்தமே இல்லாம, ஒரே சீரா நாலஞ்சு நிமிஷத்துல வானத்தை தாண்டுச்சுன்னா அது அனேகமா விண்வெளி நிலையம், 400 கிலோமீட்டர் உயரத்துல ஒன்றரை மணிக்கு ஒரு சுத்து சுத்துது. 2025 ஆகஸ்ட் 12 காலைல வெள்ளியும் வியாழனும் ஒரு டிகிரிக்கும் குறைவா, சுண்டுவிரல் மறைக்கற அளவு நெருங்கி நின்னுச்சு, எங்களுக்கு மேகம் பத்தே நிமிஷம் விலகுச்சு, அம்மா முட்டி வலியோட படி ஏறி வந்து பார்த்துட்டு "ஒட்டிக்கும் போலருக்கே"ன்னாங்க. வியாழன் வெள்ளியை விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு தூரத்துல இருக்கும்மா, நம்ம பார்வைக்குத்தான் பக்கம்னேன், "சம்பந்தி வீடு மாதிரி"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாங்க.

வெளிச்சம் நம்ம ஊர்ல சடார்னு வரும், சூரியன் செங்குத்தா ஏறுதுல்ல, முழு இருட்டுலேர்ந்து சூரியன் வர்ற வரைக்கும் ஒண்ணேகால் மணி நேரம்தான். கரிச்சான் முதல்ல கத்தும், அப்புறம் பால்காரர் பைக், அப்புறம் கோயில் ஸ்பீக்கர். கார்த்திகை முதல்ல கரையும், பெல்ட்டு போகும், அகத்தியர் போவார், சிரியஸ் கொஞ்ச நேரம் அடம்பிடிச்சுட்டு போகும், எல்லாம் போனப்புறமும் வெள்ளி நிக்கும். காலைல வெள்ளி இருக்கற சீசன்ல ஒண்ணு பண்ணிப் பாருங்க, சூரியன் உதிக்கறதுக்கு முன்னாடி ஹெட்ரூம் சுவர் ஓரத்தை ஒட்டி அது தெரியற மாதிரி, சூரியன் சுவத்துக்கு பின்னாடி மறையற மாதிரி ஒரு இடம் பிடிச்சு உட்காருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே அதை அந்த ஓரத்துலயே வச்சிருங்க, கண்ணை எடுத்துட்டா மறுபடி பிடிக்கறது கஷ்டம். நீல வானத்துல வெள்ளையா ஒரு புள்ளி, பட்டப்பகல்ல. நான் ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் விடாம பிடிச்சு வச்சிருந்தேன், கீழ ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்சான், பொண்ணுக்கு இன்னும் ஜடையே போடல.